நாற்பது வத்ருஷ்கா, ஒரே கோணல்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. உணவுத் தொழில்நுட்பம் படித்தேன்.
2. படித்த கையோடு திருப்பூரில் ஒரு பேக்கரியில் சேர்ந்தேன். கல்லாவில் உட்கார வைத்தார்கள்.
3. ரஷ்யாவிலிருந்து ஒரு பெண்மணி பெட்டிக்குள் ஒரு பன் கொண்டுவந்தார்.
4. அந்தப் பன்னை யாரும் தின்னக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார்.
5. தின்னாமலே அதைப் பார்த்து நாற்பது செய்தோம்.
6. நாற்பதும் தப்பு.
7. அதனால் எனக்கு மாவு அறையில் வேலை கிடைத்தது.
8. முப்பத்தோரு வயதில் பணி ஓய்வு பெற்றேன்.

இப்போது மாவு அறையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் சென்ற மாதம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். மாவு அறைக்குத் தூசி உறிஞ்சும் மிஷின் வந்துவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு, "அக்கா, அந்த ரஷ்யா பன் கதையை எழுதிக் குடுங்க, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார்கள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே 'அதனால்' எப்படி வந்தது என்பதுதான் அவர்களுடைய சந்தேகம். நியாயமான சந்தேகம்.

முப்பத்தோரு வயதில் ஓய்வா என்று சிரிக்க வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். மர்மம் ஒன்றும் இல்லை, மைதாதான்.

கல்லூரியைப் பற்றிச் சொல்ல அதிகம் கிடையாது. நான்கு வருடம். பிஸ்கட் ஏன் மொறுமொறுப்பாக இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். விடுதிச் சப்பாத்தி ஏன் அப்படி இருந்தது என்று யாரும் கேள்வித்தாளில் கேட்கவில்லை. பட்டத்தோடு திருமுருகன்பூண்டிக்குத் திரும்பினேன். அப்பா அங்கே கல்லில் சாமி செதுக்குகிறவர். "சோத்தைப் பத்தி நாலு வருசம் படிச்சிருக்கறா" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அதில் பெருமை எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பேக்கரி முதலாளி குழந்தைவேல் நெசவுக் குடும்பத்துக்காரர். அவருடைய அப்பா சோமனூரில் தறி ஓட்டினார். இவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்து, கையைச் சுட்டுக்கொண்டு, பேக்கரிக்கு வந்தார். கடைக்குள் மூன்று முருகன் படங்கள். கழுத்தில் எந்நேரமும் ஒரு இன்ச் டேப். பேக்கரியில் இன்ச் டேப் எதற்கு என்று முதல் நாள் நினைத்தேன். தேங்காய் பன்னை அளப்பதற்கு.

"ஏனுங் மாஸ்டர், கால் இஞ்ச் கூடப் போயிருக்குதுங்களே."

"மொதலாளி, அது வெந்தா உப்பத்தான் செய்யும். பனியனா, அப்படியே கெடக்கதுக்கு?"

பதில் சொன்னவர் சாமுவேல் மாஸ்டர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மனைவியும் மகளும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார்கள். இவர் மட்டும் அடுப்பை விடவில்லை. அவருக்கும் முதலாளிக்கும் தினமும் ஒரு வாக்குவாதம் நடக்கும். அது நடந்தால்தான் கடை திறந்ததாக அர்த்தம்.

முதலாளியின் முறை இது. புதிதாக எதைச் செய்தாலும் முதலில் ஒரு சாம்பிள். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார், அளப்பார், கையில் வைத்து எடை பார்ப்பார். பிடித்துவிட்டால் அதில் நூல் கோத்து ஓர் அட்டை கட்டி, 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். வெஜிடபிள் பப்ஸுக்கு நூல் கோக்க மூக்கு கிடையாது. ஓரத்தில் துளை போட்டுக் கோத்தார். அந்தச் சாம்பிளை யாரும் தொடக் கூடாது. ஒவ்வொரு புதன்கிழமையும் அன்றைய சரக்கைச் சாம்பிளோடு ஒப்பிடுவார். பூசணம் பிடித்த பப்ஸை வைத்துக்கொண்டு புதுப் பப்ஸைக் குறை சொல்ல ஒரு மனிதரால் முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

நான் சேர்ந்த அன்று மாவு அறையில் வேலை கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் மறுத்தார்.

"மாவு அறையெல்லாம் உனக்கு வேண்டாங் கண்ணு. ஒரே அனலு. மூட்டை தூக்கோணும். கல்லால உக்காந்தா ஃபேன் இருக்குது."

"நான் படிச்சது அதுக்குத்தானுங்க."

"படிப்பு எங்கீங் போவப்போவுது? உக்காந்த எடத்துல இருக்கட்டும்."

ஒரு வருடத்துக்கும் மேல் ஃபேனுக்கடியில் உட்கார்ந்தேன். ஈஸ்ட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சில்லறை எண்ணுவதற்குப் பயன்பட்டது. வீட்டில் அதற்குள் கல்யாணப் பேச்சு வேறு. "கல்லாவுல உக்கார்றதுக்கு எதுக்கு வேலை, ஊட்லயே இருக்கலாமே" என்றார் அம்மா. அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் தொந்தரவு. மாவு அறைக்குள் போனால் வேலை. போகாவிட்டால் ஜாதகம். என் நிலைமை அவ்வளவு தெளிவாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் லுட்மிலா வந்தார்.

துணி வாங்கும் ஒரு ரஷ்யப் 'பையரு'க்காகத் திருப்பூர்க் கம்பெனிகளில் சரக்குப் பரிசோதனை செய்பவர் அவர். ஆறடிக்குச் சற்றுக் குறைவு. கழுத்தில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி. கைப்பையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் கட்டுக்கட்டாக; குறை இருக்கும் இடத்தில் ஒட்டுவதற்கு. அவர் ஒரு கம்பெனிக்குள் நுழைந்தால் மேனேஜர்களுக்கு வயிற்றுக் கோளாறு வரும் என்று சொல்வார்கள். அவர் பேசிய தமிழ் தையல் லைனில் கற்றது: சீக்கிரம், சரியில்ல, நாளைக்கு, அக்கா. தையல் லைனில் எல்லோரும் ஒருவரையொருவர் அக்கா என்றுதான் அழைப்பார்கள். ஆகவே உலகத்தில் இருப்பவர்கள் அனைவரும் அக்கா என்று முடிவு செய்துவிட்டார்.

"அக்கா, இது சரியில்ல" என்று ஹனி கேக்கைக் காட்டி முதலாளியிடம் சொன்னார்.

முதலாளி டேப்பை எடுத்துக் கேக்கை அளந்து பார்த்தார். மாவு அறையிலிருந்து சாமுவேல் மாஸ்டர் இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது.

எங்கள் கடையில் அவர் எல்லாவற்றையும் ஒரு முறை வாங்கித் தின்று பார்த்தார். எல்லாம் சரியில்ல. அவர் தேடியது வத்ருஷ்கா. எனக்கு ஆங்கிலத்திலும் கையாலும் விளக்கினார். வட்டமான பன், நடுவில் குழி, குழி நிறைய இனிப்பான பாலாடைக் கட்டி. மேலே மூடுவது கிடையாது, திறந்துதான் இருக்கும். அவர்கள் ஊரில் பள்ளிக்கூட வாசல் முதல் ரயில் நிலையம் வரை கிடைக்கும். ஆனால் அம்மா செய்வதுதான் வத்ருஷ்கா.

"என்ன ருசி?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் புளிப்பு. கொஞ்சம் இனிப்பு. அம்மா மாதிரி."

அம்மா மாதிரி என்றால் சர்க்கரை எத்தனை கிராம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

பிறகு விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது ஒரு பன்னைக் கொண்டுவந்தார். இரண்டு கொண்டுவந்தாராம்; ஒன்றை விமானத்திலேயே தின்றுவிட்டாராம். அதே வாரம் முதலாளியின் மச்சான் ஒரு சேதியோடு வந்தார். அவருக்கு முதலிபாளையத்தில் ஏற்றுமதிக் கம்பெனி. லுட்மிலாவின் மேலதிகாரிகள் மாஸ்கோவிலிருந்து அவருடைய கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள். மாலை டீயோடு அவர்கள் ஊர்ப் பலகாரத்தையே வைத்து அசத்திவிட வேண்டும். நாற்பது பீஸ்.

லுட்மிலா பன்னைக் கல்லா மேல் வைத்தார். "இது மாதிரி" என்றார். அடுத்த நாள் பெங்களூருக்குப் போய்விட்டார். மேலதிகாரிகள் வரும் நாளன்று காலையில்தான் திரும்புவார்.

பன் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். வட்டம், ஆனால் முழு வட்டம் இல்லை. இடப்பக்கம் தாழ்ந்து, வலப்பக்கம் உயர்ந்திருந்தது. நடுவிலிருந்த பாலாடைக் கட்டி தாழ்ந்த பக்கமாக ஒழுகி, அங்கே இரண்டு விரிசல் விட்டிருந்தது. ஓரத்தில் ஒரு மடிப்பு.

நான் தைரியமாகக் கேட்டேன். "இந்த ஆர்டரை நான் மாவு அறையில இருந்து பாத்துக்கிறேனுங்க. படிச்சதுல பாலாடைக் கட்டி இருக்குதுங்க. மாஸ்டருக்கு அது புதுசு."

முதலாளி இன்ச் டேப்பை ஒரு முறை இழுத்துவிட்டார். "செரி கண்ணு. இந்த ஆர்டர் பாஸ் ஆச்சுன்னா நீ உள்ளயே இருந்துக்கோ. ஆவலைன்னா, கல்லாதான். அதுக்கப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுங் சாமி."

பிறகு பன்னை எடுத்தார், ஓரத்தில் துளையிட்டார், நூல் கோத்தார். 'ஒரிஜினல்' என்று அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார்.

"ஒரு சின்னத் துண்டு கிள்ளிப் பாத்துக்கட்டுங்களா?" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கோயில் உண்டியலில் கையை விட அனுமதி கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன்.

"ஒரிஜினலைக் கிள்றதா? பையர் சாம்பிளை வெட்டற கம்பெனி உருப்படுமுங்களா?"

ஆக, தின்னாமலே செய்ய வேண்டும்.

முதல் தடை பால். பாலைத் திரித்தால்தான் பாலாடைக் கட்டி. முதலாளி வீட்டில் காலையில் பால் திரிந்தால் அன்றைக்குப் புதுக் காரியம் எதையும் தொட மாட்டார்கள். அவர் கடையில் வேண்டுமென்றே, லிட்டர் கணக்கில், மூன்று முருகன்களுக்கு எதிரே பாலைத் திரிக்கப்போகிறேன் என்றதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"திரிய வெக்க வேண்டாமுங்க" என்றேன். "தயிராத் தோய்ச்சு, தயிரை லேசாச் சூடு பண்ணி, துணியில வடிகட்டினாப் போதும். ரஷ்யாவுலயும் அப்பிடித்தான். எலுமிச்சை புழிஞ்சு திரிச்சா அது பனீர், ரப்பர் மாதிரி வரும்."

"தயிரு தானுங்களே?"

"தயிரு தானுங்க."

"இருங், ஊட்ல ஒரு வார்த்த கேட்டுக்கறேன்." போனில் அவருடைய மனைவி என்ன சொன்னார் என்று தெரியாது. வைத்துவிட்டு, "தயிருக்குக் குத்தமில்லையாமா. ஆனா வெள்ளிக்கெழம வேண்டாம்" என்றார். படிப்பு எனக்குப் பயன்பட்ட முதல் இடம் இது.

அடுத்தது அந்தக் கோணல். அதைப் பற்றி மூன்று பேரிடமும் ஒவ்வொரு கருத்து இருந்தது.

மாஸ்டர்: "மோர்த்தண்ணி வடியதுக்குத்தான் சரிச்சிருக்காவ. நம்ம மொட்டைமாடியில ஓட்டம் விடுவோம்லா, அது மாதிரி."

நான்: அவர்கள் ஊர் அடுப்பின் தளம் சாய்வாக இருக்கலாம், ஒரு பக்கம் வெப்பம் அதிகம், அதனால் மாவு ஒரு பக்கம் மட்டும் எழும்பியிருக்கிறது. படம் வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் படம் நன்றாகத்தான் இருந்தது.

முதலாளி: "அது டிசைனுங்."

அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. பனியன் கம்பெனி நடத்தியபோது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சாம்பிள் சட்டையில் பாக்கெட் சற்றுச் சாய்ந்திருந்தது. யாரோ தையல்காரர் கை தவறியிருப்பார் என்று, இவர்கள் எல்லாச் சட்டையிலும் நேராக வைத்துத் தைத்து அனுப்பினார்கள். சாய்ந்திருந்ததுதான் ஃபேஷனாம். சரக்கு மொத்தமும் நின்றுபோனது. அதற்குப் பின் எந்தச் சாம்பிளையும் திருத்துவதில்லை என்பது அவர் வீட்டு விரதங்களில் ஒன்று.

"கோணையா இருந்தா நம்முளுதும் கோணையாத்தான் இருக்கோணும். அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சு போச்சு?"

ஆகவே கோணலைச் செய்தோம். எளிதில்லை. மாவு இயல்பாக எல்லாப் பக்கமும்தான் எழும்பும். ஒரு பக்கம் மட்டும் அடங்கியிருக்க, வெந்து வெளியே வந்த சூட்டில் ஒரு மரப்பலகையை இடப்பக்கம் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. அதிகம் அழுத்தினால் அப்பளம். குறைத்து அழுத்தினால் அது நிமிர்ந்துகொள்ளும். விரிசலுக்கு ஒரு கத்தி முனை, மடிப்புக்கு என் கட்டைவிரல். ஒவ்வொன்றையும் இன்ச் டேப் வைத்து ஒப்பிட்டோம்.

இதற்கு நடுவே இன்னொரு கோளாறு. ரொட்டி வகையைக் குளிர்பெட்டியில் வைத்தால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் இறுகும். இது எனக்குத் தெரியும், முதலாளியிடமும் சொன்னேன். அவர் தினமும் ஒரிஜினலை வெளியே எடுத்து, ஒரு கையில் அதையும் மறு கையில் எங்கள் பன்னையும் அமுக்கிப் பார்ப்பார்.

"கண்ணு, நம்முளுது இன்னும் மெத்துனு இருக்குது. ஒரிஜினல் கெட்டியா இருக்குது பாரு."

"அது குளிர்ல இருந்து இறுகிப் போனதுங்க."

"ஒரிஜினல் என்ன சொல்லுதோ அதானுங்."

ஒரிஜினல் நாளுக்கு நாள் கெட்டியானது. நாங்களும் அதைத் துரத்திக்கொண்டு போனோம். பாலைக் குறைத்தேன், வெண்ணெயைக் குறைத்தேன், அடுப்பில் கூடுதலாக விட்டேன். சரியான பன்னைச் செய்வது என் நோக்கமாக இல்லை. முதலாளி பாஸ் செய்யும் பன்னைச் செய்வது, மாவு அறைக்குள் நிற்பது, இரண்டுதான் நோக்கம். மாஸ்டர் ஒரு நாள் பன்னைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா வாணி, இத உங்கப்பாகிட்ட குடு. சின்னதா ஒரு பிள்ளையாரு செதுக்கிருவாரு."

மேலதிகாரிகள் வருவதற்கு முந்தைய நாள் மாலை நாற்பதும் தயார். முதலாளி ஒவ்வொன்றையும் ஒரிஜினலோடு சேர்த்து அளந்தார். முதல் முறையாகச் சிரித்தார். "பாஸ்" என்றார். அன்று இரவு வீட்டில் நான் மாவு அறைக்காரி என்று அறிவித்துவிட்டேன்.

மறுநாள் காலை லுட்மிலா வந்தார். ட்ரேக்கள் மேசை மேல் வரிசையாக இருந்தன. அவர் பார்த்தார். கம்பெனிகளில் செய்வது போலவே, ஐந்தாறு இடங்களிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்து முன்னால் வைத்தார். குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். பழக்க தோஷத்தில் கைப்பைக்குள் கை போனது. ஒரு சிவப்பு அம்பை எடுத்து முதல் பன்னின் இடப்பக்கம், மேசையில் விரித்திருந்த தாளில் ஒட்டினார். இரண்டாவதற்கும் அதே இடத்தில். மூன்றாவதற்கும் அதே இடத்தில். ஆறாவது பன்னில் ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அக்கா" என்றார் முதலாளியைப் பார்த்து. "இதுல யார் உக்காந்தது?"

"யாரும் உக்காரலீங் மேடம். உங்க ஒரிஜினல் மாதிரியேதானுங்."

"ஒரிஜினல் எங்க?"

முதலாளி ஒரிஜினலை இரு கைகளிலும் ஏந்தி வந்தார். அட்டை ஆடியது. லுட்மிலா அதைப் பார்த்தார், எங்கள் பன்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக ஏறி வந்தது. கோபம் என்று நினைத்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்தார். அதைப் பெட்டி என்று கைகளால் காட்டினார். நிரம்பி வழிகிற பெட்டி. மூட முடியவில்லை. ஜிப் நகரவில்லை. அவர் திரும்பி நின்று, முழு எடையையும் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜிப்பை இழுத்தார்.

"நான்" என்றார். "நான் உக்காந்தேன்."

மாஸ்டர் நாற்காலியையும் ட்ரேக்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அட என் ஆண்டவரே! நாப்பதுலயும் இந்தம்மா உக்காந்த எடமால்லா இருக்கு!"

லுட்மிலாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்துத் திருப்பூரில் யாரும் பார்த்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு ஒரு பன்னை எடுத்து மேசையில் தட்டினார். டொக் என்றது. சிரிப்பு நின்றது. மேலதிகாரிகள் மாலை வருகிறார்கள் என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"ரிஜக்ட்" என்றார். "எல்லாம்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். கத்தவில்லை; அவர் கத்துகிறவர் இல்லை. "கல்லாவுக்குப் போ கண்ணு" என்றார்.

போயிருக்கலாம். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் கத்தியை எடுத்து ஒரிஜினலை நடுவில் வெட்டினேன்.

"ஐயோ, ஒரிஜினலுங் கண்ணு!"

"அதுதான் ரிஜக்ட் ஆயிருச்சுங்களே."

நசுங்காத பக்கத்தை நான்காக நறுக்கி ஆளுக்கொன்று கொடுத்தேன். உலர்ந்துதான் இருந்தது. ஆனால் மெல்ல மெல்ல எல்லாம் தெரிந்தது. வெண்ணெய் எங்களுடையதைவிட இரண்டு மடங்காவது இருக்கும். மாவைப் பிசைந்தது பாலில், தண்ணீரில் இல்லை. பாலாடைக் கட்டி நான் செய்தது போலவே புளித்திருந்தது. அதில் மட்டும் நாங்கள் சரி. சர்க்கரை குறைவு, முட்டை மஞ்சள்கரு உண்டு. உள்ளே துளைகள் சீராக எல்லாப் பக்கமும் இருந்தன. அது நேராக எழும்பிய மாவுதான். இத்தனை நாள் குளிர்பெட்டியில் ஒரு முழு விடைத்தாள் நூலில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

முதலாளி மென்றுகொண்டே, "நல்லாத்தான் இருக்குது. நம்முளுது மாதிரி இல்லீங்களே" என்றார்.

"மாஸ்டர்," என்றேன், "மாவு பிசைய எவ்வளவு நேரம்?"

"ஏற்கெனவே கைய நனைச்சாச்சு, பேசாம வா."

தயிர் வடித்தது பாக்கி இருந்தது. பனியனில் துணியைக் கூடுதலாக வெட்டி வைப்பது போலப் பொருளையும் கூடுதலாக வைக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அந்தக் கட்டளை வாழ்க. திருப்பூர் வெயிலில் மாவு எழும்புவதற்குக் கெஞ்ச வேண்டியதில்லை. லுட்மிலா கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை சட்டையை மடித்தார். எழும்பிய உருண்டையின் நடுவில் மாஸ்டர் விரலால் குழி பறிக்கப் போனார்.

"சரியில்ல" என்று கையைத் தட்டிவிட்டார் லுட்மிலா. டீ டம்ளர் ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்தை மாவில் தோய்த்து, உருண்டையின் நடுவில் நேராக அழுத்தினார். எடுத்தால் வட்டமான குழி, சுற்றிலும் கரை.

"இதுக்காம்மா இத்தனை நாளு இன்ச் டேப்ப வச்சிக்கிட்டு மாரடிச்சோம்?" என்றார் மாஸ்டர்.

மூன்று பேரும் டம்ளரும் கையுமாக நின்றோம். நான் நிரப்பினேன், மாஸ்டர் அடுப்பில் வைத்தார், லுட்மிலா அடுப்பின் முன் நின்று அவருடைய மொழியில் அதை மிரட்டினார். வெளியே வந்தவை நேராக, மெத்தென்று, ஓரம் பொன்னிறமாக இருந்தன. ஒன்றைப் பிய்த்துத் தின்றார். கண்ணை மூடினார். பிறகு தன் உத்தியோக முகத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "அக்கா, பாஸ்" என்றார். இந்த முறை அந்த அக்கா நான்.

சரக்கு முதலிபாளையத்துக்குப் போனது. டீ நேரத்தில் அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ட்ரேக்கள் காலியாகத் திரும்பின, அது போதும்.

நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். போகச் சொன்னார், போனேன். நாற்பதை லுட்மிலா காப்பாற்றினார் என்று சொன்னால் மறுக்க முடியாது. என் ஒப்பந்தம் காலையிலேயே முறிந்துவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி ரிஜக்ட் ஆன நாற்பதையும் கொண்டுவந்து கல்லாவுக்கு எதிரே வரிசையாக அடுக்கினார். டேப்பைக் கழற்றினார். ஒவ்வொன்றாக அளந்தார். இடப்பக்க உயரம், வலப்பக்க உயரம், மடிப்பு, விரிசல். நாற்பதையும் அளந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு போல ஒண்ணு இருக்குதுங் கண்ணு."

"தப்புதானுங்களே எல்லாம்."

"தப்பு யாரு வேணா பண்ணலாம். நாப்பது தடவ ஒரே தப்பை, ஒரு நூல் பெசகாம பண்றதுக்கு ஆளு வேணுமல்லோ? நம்ம கடையில ரெண்டு தேங்கா பன்னு ஒரே மாதிரி வந்து பாத்திருக்கறியா? மாஸ்டரு கையி ஒரு நாளைக்கு ஒரு மாதிரி." டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "நாளையில இருந்து உள்ள போயிருங் சாமி."

"கல்லாவுக்கு?"

"நான் உக்காந்துக்கறேன். ஃபேன் இருக்குதில்ல."

பாராட்டு அவ்வளவுதான். மாவு அறையிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது: "என் கையி ஒரு மாதிரியாமா? வெந்தா உப்பத்தான் செய்யும் மொதலாளி!"

அந்த நாற்பதும் வீணாகவில்லை. முதலாளி அவற்றைக் கூடையில் போட்டு, 'எக்ஸ்போர்ட் ரிஜக்ட் பன்' என்று எழுதி வாசலில் வைத்தார். எக்ஸ்போர்ட் ரிஜக்ட் என்றால் திருப்பூரில் எதையும் வாங்குவார்கள். கடை சாத்துவதற்குள் தீர்ந்துவிட்டது. மறுநாள் ஒருவர் வந்து, கோணலாக இருக்கும் அந்தப் பன்தான் வேண்டும், நேராக இருப்பது லோக்கல் என்று சண்டை போட்டார்.

அடுத்த வருடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். சாம்பிள்களைத் தின்று பார்க்கும் உரிமையை எழுத்தில் வாங்கினேன். ஒவ்வொரு பண்டத்துக்கும் எடை, நேரம், சூடு எழுதிச் சுவரில் ஒட்டினேன். மாஸ்டர் அந்தத் தாளை ஒரு நாளும் படித்ததில்லை. ஆனால் யாராவது கேட்டால், "அந்தா செவுத்துல இருக்குல்லா" என்பார். வத்ருஷ்கா ரஷ்யா பன் ஆனது. ஊர்க்காரர்கள் மேலே டுட்டி ஃப்ரூட்டி கேட்டார்கள், போட்டோம். லுட்மிலா அதைப் பார்த்து "சரியில்ல" என்றார், தின்றார். பிறகு அவருடைய கம்பெனி வேறு நாட்டுக்குச் சரக்கு மாற்றியது. அவரும் மாறிப் போனார்.

இருமல் முதலில் மழைக்காலத்தில் வந்தது. மாவு சலிக்கும்போது மட்டும். பிறகு மாவு மூட்டையைப் பிரித்தாலே. விடுமுறை நாளில் வராது; வேலைக்குப் போனால் மதியத்துக்குள் மூச்சு விசில் அடிக்கும். முகமூடி போட்டேன், இரண்டு போட்டேன், சலிக்கும் வேலையை மாற்றிக்கொண்டேன். கோயம்புத்தூரில் டாக்டர் சோதித்துவிட்டு, மைதாத் தூசி என் உடம்புக்கு ஆகவில்லை, மாவு அறையில் இருக்கும்வரை ஆஸ்துமா போகாது என்றார். மாத்திரையோடு தொடரலாமா என்று கேட்டேன். மாத்திரை தீர்ந்துபோகும், மாவு தீராது என்றார். அப்பா முப்பது வருடமாகக் கல் தூசியில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு தும்மல் இல்லை. என்னை மைதா கவிழ்த்துவிட்டது.

முதலாளி மறுபடியும் கல்லாவில் உட்காரச் சொன்னார். இந்த முறை மனம் கனிந்துதான் சொன்னார். "வேண்டாமுங்க" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

இப்போது நிலவரம் இது. நான் திருமுருகன்பூண்டியில் இருக்கிறேன். மூச்சு சீராக இருக்கிறது. இன்னும் வேறு வேலை தேடவில்லை. சாமுவேல் மாஸ்டர் அடுப்படியில் இருக்கிறார். ரஷ்யா பன் செவ்வாயும் சனியும் போடுகிறார்கள். மாவு அறையில் என் இடத்துக்கு இரண்டு பெண்களைச் சேர்த்திருக்கிறார்கள். இருவரையும் முதல் நாளே நேராக உள்ளே அனுப்பினார்கள்.